டிராக் டேக்கு ரேஸ் பேட் வாங்கறதுக்கு முன்னாடி பிரேக் ஆயிலை மாத்துங்க

கார் லோன் பத்தி வீடியோ போட்டதுல இருந்து ஓசூர், பெங்களூர்ல வேலை பார்க்கிற நம்ம தர்மபுரி பசங்க பல பேர் ஒரே கேள்வியைக் கேட்கறாங்க. "சார், வீக்எண்ட்ல டிராக் போறேன். பெரிய டிஸ்க், ரேஸ் பேட் எல்லாம் சேர்த்து ஒரு கிட் 70 ஆயிரம். நோ காஸ்ட் இஎம்ஐல எடுக்கலாமா?"

வேண்டாம். அதுக்காக டிராக் ஓட்டுறதே வெட்டிச் செலவுன்னு சொல்ற ஆடிட்டர் நான் இல்ல. சோழவரம் பழைய விமான ஓடுதளத்துல ரேஸ் விட்ட ஊரு நம்மளுது. மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் 1953ல இருந்து இருக்கு. 1990ல இருந்து இருங்காட்டுக்கோட்டை டிராக், கோயம்புத்தூர் பக்கம் செட்டிபாளையத்துல கரி மோட்டார் ஸ்பீட்வே. மாசச் சம்பளக்காரன் தன் ஹேட்ச்பேக்கை எடுத்துட்டுப் போய் கத்துக்கிறதுக்கு இதைவிடப் பாதுகாப்பான இடம் கிடையாது. சர்வீஸ் ரோட்டுல 140ல பறக்கிறதைவிட ஆயிரம் மடங்கு மேல். என்னோட ஆட்சேபணை, பணத்தைத் தப்பான வரிசையில செலவு பண்றது மேலதான்.

பிரேக் பண்ற வேலை என்னன்னு பாருங்க. வண்டியோட வேகத்தை வெப்பமா மாத்துது, அவ்வளவுதான். ஆயிரம் கிலோ காரை 100 கிலோமீட்டர் வேகத்துல இருந்து நிறுத்தினா சுமார் 386 கிலோஜூல் வெப்பம். 140ல இருந்து நிறுத்தினா சுமார் 756. வேகம் 40 சதவீதம்தான் கூடுச்சு, வெப்பம் கிட்டத்தட்ட இரட்டிப்பு. (கூட்டு வட்டி மாதிரின்னு சொல்ல ஆசைதான், ஆனா இது வர்க்கக் கணக்கு.) ரோட்டுல இப்படி ஒரு பிரேக் எப்பவாவது வரும். டிராக்ல ஒவ்வொரு லேப்லயும் பல தடவை வரும், நடுவுல ஆற நேரமே இருக்காது.

அப்போ ரெண்டு விதமா பிரேக் கைவிடும். இதைப் பிரிச்சுப் பார்க்கத் தெரிஞ்சா உங்க பணத்துல பாதி மிச்சம். ஒண்ணு, பெடல் கல்லு மாதிரி கெட்டியா இருக்கும், எவ்வளவு மிதிச்சாலும் வண்டி நிக்காது. அது பேட் சூடு தாங்காம பிடிப்பை விட்டுடுச்சுன்னு அர்த்தம். இன்னொண்ணு, பெடல் பஞ்சு மாதிரி உள்ள போய்க்கிட்டே இருக்கும். அது பேட் பிரச்சினையே இல்ல. பிரேக் ஆயில் கொதிச்சு லைன்ல ஆவி சேர்ந்துடுச்சு. ஆவி அமுங்கும், அதனால உங்க மிதி காலிப்பர் வரைக்கும் போகாது.

பெடல் பஞ்சாப் போறதுக்கு 70 ஆயிரத்துல கிட் வாங்கி மாட்டினா, பழைய ஆயில் கொதிக்கிற வெப்பநிலை ஒரு டிகிரிகூட ஏறாது. பிரேக் ஆயில் காத்துல இருக்கிற ஈரத்தை உறிஞ்சும். டாட் 4 ஆயில் புதுசா இருக்கும்போது குறைஞ்சது 230 டிகிரி தாங்கணும்னு தரவிதி. ஈரம் ஏறின பிறகு அதுக்கு இருக்கிற வரம்பு வெறும் 155. டாட் 5.1க்கு இது 260, 180. உங்க வண்டியில மூணு வருஷமா மாத்தாத ஆயில் எந்தப் பக்கம் இருக்கும்னு நீங்களே யோசிங்க. புது ஆயில் ஊத்தி ஏர் எடுக்க ஆகிற செலவு ஒரு நல்ல டின்னர் பில் அளவுதான். ஒரு எச்சரிக்கை: டாட் 5ன்னு ஒண்ணு இருக்கு, அது சிலிகான் ஆயில். 5.1க்கு அண்ணன் தம்பின்னு நினைச்சு கலந்துடாதீங்க.

ஆயில் மாத்தியும் பெடல் கெட்டியா இருந்து வண்டி நிக்கலைன்னா, இப்ப பேட் பத்திப் பேசலாம். பல பேட்களோட ஓரத்துல ரெண்டு ஆங்கில எழுத்து போட்டிருக்கும். முதல் எழுத்து சாதாரணச் சூட்டுல உராய்வு எவ்வளவுன்னு சொல்லும், ரெண்டாவது அதிகச் சூட்டுல. 'இ' 0.25ல இருந்து 0.35, 'எஃப்' 0.35ல இருந்து 0.45, 'ஜி' 0.45ல இருந்து 0.55. ரெண்டு எழுத்தும் ஒண்ணா இருந்தா சூடேறினாலும் குணம் பெருசா மாறாதுன்னு ஒரு குறிப்பு. ஆனா அந்தச் சோதனை டிராக் வெப்பம் வரைக்கும் போறதில்ல, தேய்மானத்தைப் பத்தியும் அந்த எழுத்து சொல்லாது. அதுக்கு கம்பெனி போடற வெப்பநிலை வரைபடத்தைக் கேளுங்க. கொடுக்காத பிராண்டுக்குக் காசு கொடுக்காதீங்க. கிளப் ரேஸ்ல இறங்கறவங்க, வாங்கறதுக்கு முன்னாடி அந்தப் பிரிவோட விதிப்புத்தகத்தைப் படிங்க. சில பிரிவுகள்ல எந்தப் பேட் போடணும்னு அவங்களே சொல்லிடுவாங்க.

முழு ரேஸ் பேட்டோட சிக்கல் என்னன்னா, அது சூடானாத்தான் வேலை செய்யும். கரி ஸ்பீட்வேக்கு ஓசூர்ல இருந்து கிளம்பறீங்கன்னு வைங்க. தர்மபுரி தாண்டி ஹைவேல பிரேக்கே தொடாம வந்து, பாளையம் டோல்கேட்டுல முதல் மிதி மிதிப்பீங்க. பேட் சில்லுனு இருக்கும், நீங்க எதிர்பார்த்த பிடிப்பு இருக்காது. முன்னாடி நிக்கிற வண்டிக்கு உங்க பேட் எந்த நாட்டு இறக்குமதின்னு தெரியப்போறதில்ல. அதுக்கப்புறம் தொப்பூர் கணவாய் இறக்கம். 2024 ஜனவரியில லாரிகளுக்கு நடுவுல கார் நசுங்கின அந்த சிசிடிவி காட்சியை நாம எல்லாரும் பார்த்தோம். அந்த இறக்கத்துல டீசல் மிச்சம் பண்றேன்னு நியூட்ரல்ல விடற வண்டிகளை இன்னிக்கும் பார்க்கலாம். கணக்குப்படியும் அது தப்பு. இப்போதைய இன்ஜெக்‌ஷன் வண்டிகள்ல கியர்ல இருந்து ஆக்சிலரேட்டரை விட்டா எரிபொருள் நின்னுடும், நியூட்ரல்லதான் ஐட்லிங்குக்குக் குடிக்கும். கியர்ல இறங்கினா எஞ்சினே வண்டியைப் பிடிக்கும், பேட் சூடேறாது.

அதனால என் யோசனை ரெண்டு செட். ரோட்டுக்கு கம்பெனி பேட், டிராக்குக்குத் தனி. டிராக்லயே மாத்திக்க ஒரு ஜாக்கும் கொஞ்சம் பொறுமையும் போதும். மாத்த முடியாதவங்க, ரோடு-டிராக் ரெண்டுக்கும்னு விக்கிற நடுத்தரப் பேட்டோட நிறுத்திக்கங்க. ஆரம்பகட்ட ஓட்டுநருக்கு அது தாராளம். புதுப் பேட்டைப் படிப்படியா சூடேத்தி டிஸ்க்கோட செட் பண்ணணும். அதை ஆள் இல்லாத நேர் ரோட்டுல பண்ணுங்க, தொப்பூர்ல இல்ல.

விலையை டிராக் டேக்கு எவ்வளவுன்னு வகுத்துப் பாருங்க. உதாரணத்துக்கு 4,000 ரூபாய் பேட் ரெண்டு நாள் வந்தா நாளுக்கு 2,000. 15,000 ரூபாய் பேட் ஆறு நாள் வந்தா 2,500, அதோட டிஸ்க்கையும் சீக்கிரம் தின்னுதுன்னா இன்னும் ஏறும். எல்லா ஆட்டோ பார்ட்ஸுக்கும் 2025 செப்டம்பர் 22ல இருந்து ஜிஎஸ்டி 18 சதவீதம். இன்னும் 28 போட்டு பில் கொடுத்தா கேளுங்க. வெளிநாட்டுல இருந்து கூரியர்ல வரவழைச்சா கஸ்டம்ஸ் தனி. நோ காஸ்ட் இஎம்ஐலயும் வட்டிப் பகுதிக்கு ஜிஎஸ்டி வரும், பிராசஸிங் கட்டணமும் வரும். தேஞ்சு போற பொருளை இஎம்ஐல வாங்கினா, பேட் தீர்ந்த பிறகும் தவணை ஓடும். மாசம் ரெண்டாயிரம் ஒரு ஆர்டி போடுங்க, அது நிறைஞ்ச அளவுக்கு டிராக் போங்க.

எவ்வளவு நல்ல பேட் போட்டாலும் மாறாத ஒரு செலவு இருக்கு. உங்க கார் பாலிசியை எடுத்து 'உபயோக வரம்பு'ன்னு இருக்கிற பத்தியைப் படிங்க. ஏற்பாடு செஞ்ச பந்தயம், வேகச் சோதனை, நம்பகத்தன்மைப் போட்டி, இதுக்கெல்லாம் கவர் இல்லன்னு இருக்கும். அதாவது டிராக்ல சுவத்துல முட்டினா வண்டி உங்க காசு. லோன் இன்னும் நாலு வருஷம் பாக்கி இருக்கிற வண்டியா இருந்தா, டிராக்குக்கு அதைக் கொண்டுபோறதே எனக்குச் சம்மதம் இல்ல. ஹெல்த் பாலிசியில மோட்டார் ரேஸிங் விலக்கு, தொழில்முறையா பங்கேற்கிறவங்களுக்குன்னுதான் பொதுவா எழுதியிருக்கும். டேர்ம் இன்ஷூரன்ஸ் ப்ரபோசல் ஃபார்ம்ல ஆபத்தான பொழுதுபோக்கு உண்டான்னு கேட்டிருந்தா மறைக்காதீங்க. முதல் 3 வருஷத்துக்குள்ள கிளெய்ம் வந்தா அவங்க அதைத் தோண்ட சட்டத்துல இடம் இருக்கு. பணம் கேட்டு அலையப்போறது உங்க அம்மாவோ மனைவியோதான். டிராக் டேக்கு கவர் உண்டா இல்லையான்னு ஏஜென்ட்கிட்ட வாயால கேட்காதீங்க. கம்பெனிக்கு மெயில் போட்டு, வர்ற பதிலை பிரிண்ட் எடுத்து பாலிசியோட சேர்த்து வைங்க.