எண்ணத் தெரியவில்லையா, எண்ண மனமில்லையா?

2011 கணக்கெடுப்பில் 46 லட்சத்துக்கும் மேற்பட்ட சாதிப் பெயர்கள் வந்துவிட்டன, 1931இல் இருந்தவை 4,147தான், ஆகவே இந்தத் தரவு உதவாது என்று 2021இல் உச்ச நீதிமன்றத்தில் கைவிரித்தது ஒன்றிய அரசு.

ஒரே சாதியை ஆளுக்கொரு விதமாக எழுதினால் பட்டியல் பெருகத்தான் செய்யும். அவற்றை ஒன்றிணைப்பது தரவுத் துறையின் அன்றாட வேலை. மாநிலந்தோறும் சிதறிக் கிடந்த வரிக் கணக்குகளை ஜிஎஸ்டிக்காக ஒரே வலைப்பின்னலில் கோத்தவர்களுக்கு இது மட்டும் முடியாதா?

பெயர்களை இணைப்பதும் அரசியல்தான். தவறாக இணைத்தால் சிறிய சாதிகள் கணக்கிலிருந்தே காணாமல் போகும். எனவே 2027 கணக்கெடுப்பில் எந்தப் பெயர் எந்தக் குறியீட்டின்கீழ் வரும் என்ற பட்டியலை முன்கூட்டியே மக்கள் முன் வைக்க வேண்டும்.

இடஒதுக்கீட்டை உயர்த்தச் சொன்னால் ‘புள்ளிவிவரம் எங்கே?’ என்கிறார்கள். அதைப் பூட்டி வைத்திருப்பது யார், தோழர்களே?