வீடு கேட்டால் சாதி கேட்கிறார்கள்

தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் பாதை 1856இல் அரக்கோணம் வழியாகத்தான் திறக்கப்பட்டது. இன்றும் நம் பிள்ளைகள் விடியுமுன் ரயிலேறிச் சென்னைக் கல்லூரிகளுக்குப் போய் இரவில் திரும்புகிறார்கள். அங்கே வாடகைக்கு அறை கேட்டால் முன்பணத்துக்கு முன்னால் "நீங்க என்ன ஆளுங்க?" என்ற கேள்வி வருகிறது. நமக்கு விடுதிதான் கதி.

சைதாப்பேட்டை எம்.சி.ராஜா விடுதி வளாகத்தில் 2025இல் பத்து மாடிக் கட்டடம் திறந்தார்கள். நல்லது. அதே ஆண்டு ஜூலையில் அரசு விடுதிகளுக்குச் 'சமூகநீதி விடுதி' என்று பெயரும் மாறியது. பெயர்ப்பலகை மாற்றச் செலவு குறைவுதான்!

அரக்கோணம் தனித்தொகுதி. இங்கே ரயில்வேயோ வருவாய்த் துறையோ பழைய கட்டடம் எதையாவது காலி செய்தால், ஏலம் விடுமுன் தாட்கோவிடம் கேட்கட்டும். உறுதியான சுவர் இருந்தால் பழுதுபார்த்து மாணவர் விடுதியாக்கலாம், குறைந்த வாடகை வீடாக்கலாம். யாருக்கு எத்தனை இடம் என்பதை மட்டும் முதலிலேயே ஆணையில் எழுதிவிட வேண்டும். அக்டோபர் 2 கிராமசபையில் இதைத் தீர்மானமாகக் கொடுப்போம்.