கடைசி வரிசைப் பிள்ளைக்கும் ஓர் அறை வேண்டும்



பல ஆண்டுகளுக்கு முன், இரண்டாம் ஆண்டு வகுப்பில் எனக்கொரு மாணவன் இருந்தான். 'க' எழுதச் சொன்னால் 'த' எழுதுவான். நேற்றுப் படித்த சொல் இன்று நினைவில் இராது. ஆனால், வாசலில் கிடக்கும் காலணிகளில் எது யாருடையது என்பதைப் பிழையின்றிச் சொல்வான். நான் அவனைச் 'சோம்பேறி' என்றேன். அவன் தாயாரை அழைத்து, "வீட்டில் சொல்லிக் கொடுப்பதே இல்லையா?" என்று கடிந்துகொண்டேன். அந்தச் சொல் இன்றும் என்னை உறுத்துகிறது.

பின்னர், அவனுக்குக் கற்றல் குறைபாடு இருப்பதாக மருத்துவர் உறுதிப்படுத்தினார். எங்கள் பள்ளியில் சிறப்புக் கல்வி வகுப்பு இல்லை. ஆகவே, அவ்வகுப்பு உள்ள ஒரு தேசியப் பள்ளிக்கு மாறினான். சில ஆண்டுகள் கழித்துத் தாயாரைச் சந்தையில் கண்டேன். "நல்லாப் பாத்துக்கிறாங்க டீச்சர். ஆனா, பாட்டிகிட்ட பேசுறதுதான் கொறஞ்சி போச்சி" என்றார்.

தாய்மொழியிலேயே தடுமாறிய பிள்ளை, உதவி பெறுவதற்காகத் தாய்மொழியையே விட்டுவிட்டுப் போக வேண்டுமா? இதுதான் என் கேள்வி.

நம் நாட்டில் சட்டத்திற்குக் குறைவில்லை. மாற்றுத்திறனாளிகள் சட்டம் 2008இல் வந்தது. சிறப்புக் கல்வி விதிமுறைகள் 2013இல் வந்தன. எந்தப் பிள்ளையையும் பள்ளி புறக்கணிக்கக் கூடாது என்னும் கொள்கை 2019இல் நடப்புக்கு வந்தது. பொதுப் பள்ளிக்குள்ளேயே தனி வகுப்பு நடத்தும் ஒருங்கிணைப்புத் திட்டமும் உண்டு. சில தமிழ்ப்பள்ளிகள் அதனைச் செவ்வனே நடத்தி வருகின்றன. ஆனால், நாட்டிலுள்ள தமிழ்ப்பள்ளிகளோ 500க்கும் மேல்!

ஏன் தயங்குகிறோம்? பள்ளியின் தேர்ச்சி விழுக்காடு குறையும் என்று ஒரு காலத்தில் அஞ்சினோம். யூ.பி.எஸ்.ஆர். தேர்வே 2021இல் அகற்றப்பட்டுவிட்டது. இடமில்லை என்கிறோம். மாணவர் எண்ணிக்கை குறைந்த பள்ளிகளில் அறைகள் பூட்டிக் கிடக்கின்றன. பயிற்சி பெற்ற ஆசிரியர் இல்லை என்பது மட்டுமே மெய்யான தடை. இளம் ஆசிரியர்கள் சிறப்புக் கல்வித் துறையைத் தேர்ந்தெடுக்க முன்வர வேண்டும். வகுப்பே இல்லாத பள்ளிக்கு யார் முன்வருவார் என்று கேட்கலாம். ஆகவேதான், தலைமையாசிரியரும் பெற்றோர் ஆசிரியர் சங்கமும் முதலில் விண்ணப்பத்தோடு மாவட்டக் கல்வி அலுவலகத்தின் கதவைத் தட்ட வேண்டும் என்கிறேன்.

வகுப்பு திறந்தால் மட்டும் போதாது. அதனை ஒதுக்குப்புற அறையாக்கிவிடக் கூடாது. சபைக்கூடலிலும் சிற்றுண்டிச்சாலையிலும் விளையாட்டுப் போட்டியிலும் அப்பிள்ளைகள் மற்றவரோடு கலந்திருக்க வேண்டும். இயன்ற பாடங்களில் பொது வகுப்பிலும் அமர வேண்டும்.

பெற்றோரே, உங்களிடமும் ஒரு வேண்டுகோள். "ஊர் என்ன சொல்லும், அக்காளுக்கு வரன் வருமா?" என்று எண்ணிப் பிள்ளையின் நிலையை மறைக்காதீர்கள். ஐயம் எழுந்தவுடன் அரசாங்கக் கிளினிக்கிற்கு அழைத்துச் செல்லுங்கள். மாற்றுத்திறனாளி அட்டை பிள்ளைக்கு விழும் முத்திரையன்று, உதவிக்கான நுழைவுச்சீட்டு. தேவைப்படும் பிள்ளைகள் கணக்கில் வராவிட்டால், எந்த அதிகாரியும் வகுப்பு திறக்கமாட்டார்.

ஆசிரிய நண்பர்களே, நாளை வகுப்பிற்குள் நுழைந்ததும் கடைசி வரிசையைப் பாருங்கள். 'சோம்பேறி' என்று சொல்லுமுன், ஒருமுறை எண்ணிப் பாருங்கள். நான் எண்ணத் தவறினேன்.