வண்ணப்படம் சான்றாகாது

அனல்மின் நிலையப் புகையிலிருந்து கந்தக டை ஆக்சைடைப் பிரிக்கும் கோபுரத்துக்குள் வாயு, திரவம், திடம் மூன்றும் ஒரே நேரத்தில் மோதுகின்றன. கீழிருந்து சூடான புகை ஏறுகிறது. மேலிருந்து சுண்ணாம்புக்கல் தூள் கலந்த கூழ் துளித்துளியாகப் பொழிகிறது. கந்தகம் கடைசியில் ஜிப்சமாக அடியில் சேர்கிறது. இயங்கும் கோபுரத்துக்குள் யாரும் எட்டிப்பார்க்க முடியாது. அந்த வேலையைக் கணினி மாதிரி செய்கிறது. கூழ்மழை மெலிந்திருக்கும் சுவரோரமாகப் புகை நழுவித் தப்புவதையும், மிக நுண்ணிய துளிகள் புகையோடு மேலே அடித்துச் செல்லப்படுவதையும் காட்டிக்கொடுக்கிறது. இரும்பை வெட்டுவதற்கு முன்பே தெளிப்பான்களை இடம் மாற்றிப் பார்த்துவிடலாம், செலவு மிச்சம். ஆனால், துளியின் அளவைத் தப்பாகக் கொடுத்தால் விடையும் தப்புதான். ஆகவே திரையில் வரும் வண்ணப்படத்தைச் சான்றிதழாக நீட்டினால் ஏற்கக் கூடாது. புகைபோக்கியில் எடுத்த அளவீடுதான் பேச வேண்டும். இந்தியாவில் 2015 டிசம்பரில் அனல்மின் நிலையங்களின் கந்தக டை ஆக்சைடுக்கு வரம்பு விதித்தார்கள். அதை எட்டுவதற்கான கெடு பலமுறை தள்ளிப்போனது. 2025 ஜூலையில் பெரும்பாலான நிலையங்களுக்கு இந்தக் கோபுரமே வேண்டாம் என்று விலக்கும் தந்துவிட்டார்கள். கணக்கு கைவசம் இருக்கிறது. கட்டுவதற்குத்தான் மனம் வரவில்லை.