பரலோகத்தில் போர் அடிக்காதா, சார்?



போன ஞாயிறு சாயங்காலம் என் பழைய மாணவன் ஒருவன் சவூதியிலிருந்து போன் செய்தான். படிக்கிற காலத்தில் கடைசி பெஞ்ச். இப்போது அவன் மகளே பத்தாம் வகுப்பு. ஊர்க் கதை, பென்ஷன் கதை எல்லாம் பேசி முடித்து, போனை வைக்கப் போகிற நேரத்தில், "சார், ஒண்ணு கேட்கணும், கோவிச்சுக்கக் கூடாது. பரலோகத்துல முடிவே இல்லாம பாட்டுப் பாடிக்கிட்டே இருக்கணும்னா போர் அடிக்காதா? எங்க ஐயர்கிட்ட கேட்டா விசுவாசம் இல்லைம்பார்" என்றான்.

நான் ஏதோ சொல்லிச் சமாளித்தேன். ஆனந்தம் என்றேன், மகிமை என்றேன். "சரி சார்" என்று வைத்துவிட்டான். 34 வருஷம் சரித்திரம் நடத்தியவனுக்கு, எது புரிந்த "சரி சார்", எது ஆளை விட்டால் போதும் என்கிற "சரி சார்" என்று தெரியாதா? இது இரண்டாவது ரகம். அன்று சொல்லியிருக்க வேண்டியதை இங்கே எழுதுகிறேன். அவனும் இந்தப் பக்கத்தைப் பார்க்கிறவன்தான்.

கேள்வியில் தப்பு இல்லை. நாங்கள் சொல்லிக்கொடுத்த விதத்தில்தான் தப்பு. சண்டே ஸ்கூலில் ஒரு கதை சொல்வோம். ஆயிரம் வருஷத்துக்கு ஒருமுறை ஒரு குருவி வந்து மலையில் அலகைத் தீட்டிவிட்டுப் போகுமாம். அந்த மலை தேய்ந்து தரைமட்டமானாலும் நித்தியத்தில் ஒரு நாள்கூடக் கழிந்திருக்காதாம். பிள்ளைகள் வாயைப் பிளந்து கேட்கும். நானும் சொல்லியிருக்கிறேன். காலத்தை ரப்பர் மாதிரி இழுத்துக் காட்டிவிட்டு, இதுதான் நித்தியம் என்றோம். அப்படியானால் போர் அடிக்கத்தானே செய்யும்? இரண்டு மணி நேர பிரசங்கத்தையே தாங்காதவர்கள் நாம்.

இந்த மாதிரிக் கேள்விகள் புதிதும் அல்ல. ஆப்பிரிக்காவில் ஹிப்போ என்ற ஊரில் பிஷப்பாக இருந்த அகுஸ்தீன், கி.பி. 400-ஐ ஒட்டி எழுதிய 'கன்ஃபெஷன்ஸ்' நூலின் 11-ஆம் புத்தகத்தில் ஒரு கேள்வியை எடுக்கிறார். வானத்தையும் பூமியையும் படைப்பதற்கு முன்னால் கடவுள் என்ன செய்துகொண்டிருந்தார்? இப்படித் துருவிக் கேட்பவர்களுக்காக நரகத்தைத் தயார் செய்துகொண்டிருந்தார் என்று யாரோ கிண்டலாகச் சொன்ன பதிலையும் குறிப்பிடுகிறார். நான் அப்படிப் பதில் சொல்ல மாட்டேன், தெரியாததைத் தெரியாது என்றே சொல்வேன் என்கிறார். எனக்கு அவர்மேல் மரியாதை வந்தது அந்த இடத்தில்தான். பிறகு அவர் சொல்லும் விளக்கம் இது: காலமும் படைக்கப்பட்டதுதான். உலகத்தோடு சேர்ந்து அதுவும் உண்டானது. காலமே இல்லாத இடத்தில் "முன்னால்" என்ற பேச்சுக்கே இடமில்லை. கடவுளின் நித்தியம் என்பது ரொம்ப நீளமான காலம் அல்ல, அது வேறு வகை.

சரி, அந்த வேறு வகை எப்படிப்பட்டது? யோவான் 17-ல் இயேசு ஜெபிக்கும்போது நித்திய ஜீவன் என்றால் என்ன என்று அவரே சொல்கிறார். எடுத்துப் பாருங்கள். அதில் வருஷக் கணக்கே கிடையாது. பிதாவை அறிவது, அவர் அனுப்பினவரை அறிவது, அவ்வளவுதான். ஒருவரை அறிவது. இதை நான் பல தடவை வாசித்திருக்கிறேன். ஆனால் புரிந்தது என் அம்மாவிடம்தான்.

நான் 2012-ல் ஓய்வு பெற்றேன். சில வருஷம் கழித்து அம்மாவுக்குச் சர்க்கரையால் இரண்டு கண்ணிலும் பார்வை போனது. அதுவரை தினமும் ராத்திரி தானே வேதம் வாசித்துவிட்டுத்தான் படுப்பாள். இனி நீ ஒரு அதிகாரம் வாசித்துக்காட்டு என்றாள். கால் மணி நேர வேலை. ஆனால் ஓய்வு பெற்றவனுக்குத்தான் நேரமே கிடைப்பதில்லை. ஓய்வூதியர் சங்கம், சபைக் கமிட்டி, கல்யாண வீடு, இதுபோக செல்போன். நான் பெரிய புத்திசாலி மாதிரி ஒரு சின்ன ஸ்பீக்கர் வாங்கி, முழு வேதாகமத்தையும் மெமரி கார்டில் ஏற்றி, அவள் தலைமாட்டில் வைத்தேன். வந்தவர்களிடமெல்லாம் அதைப் பெருமையாகக் காட்டினேன்.

அம்மா ஒன்றும் சொல்லவில்லை. ஒரு நாள் தண்ணீர் கொடுக்கப் போனபோதுதான் சொன்னாள். "இது நல்லாத்தாம்யா வாசிக்கு. ஆனா நான் ஒண்ணு கேட்டா நிக்க மாட்டேங்கு."

என்ன கேட்டாய் என்றேன். அன்று ஓடிக்கொண்டிருந்தது பிரசங்கி 3. உலகத்தை மனுஷனுடைய உள்ளத்தில் வைத்ததாக வருகிறதே, "அத்தாம் பெரிய உலகத்த நெஞ்சுக்குள்ள எப்படிய்யா வைக்க முடியும்?" என்றாள். எனக்குத் தெரியவில்லை. இரண்டு நாள் புத்தகங்களைப் புரட்டினேன். நம் பழைய தமிழ் மொழிபெயர்ப்பில் "உலகம்" என்று இருக்கும் இடத்தில், எபிரேயத்தில் இருக்கும் சொல் 'ஓலாம்'. முன்னும் பின்னும் கண்ணுக்கு எட்டாத நெடுங்காலம், என்றென்றைக்கும் என்பது அதன் பொருள். பிற்கால எபிரேயத்தில் அதே சொல் உலகத்தையும் குறித்தது. அதனால் சில பழைய மொழிபெயர்ப்புகளில் உலகம் என்றும், பல புதிய மொழிபெயர்ப்புகளில் நித்தியம் என்றும் இருக்கிறது.

அம்மாவிடம் போய்ச் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அப்போ முடிவில்லாதத உள்ள வச்சுட்டு, அத ஒரு எம்பது வருசத்துக்குள்ள அடைச்சிட்டாராக்கும். பின்ன எப்படி மனசு அடங்கும்?" என்றாள். ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள்.

அன்றிலிருந்து நானே வாசித்தேன். வாசித்ததைவிட நின்றதுதான் அதிகம். ஒரு சங்கீதம் முடிய முக்கால் மணி நேரம் ஆகும். நடுவில் அவள் கல்யாணமான கதை வரும், என் அப்பாவின் கோபம் வரும், பஞ்சத்தில் கேப்பைக் கூழ் குடித்தது வரும். கேட்டதையே மறுபடியும் கேட்பாள். நானும் மறுபடியும் வாசிப்பேன். தம்பி, உன் கேள்விக்குச் சத்தியமாகச் சொல்கிறேன், ஒரு நாளும் போர் அடிக்கவில்லை. எனக்கு 63 வயதாகும்வரை அம்மாவை எனக்குச் சரியாகத் தெரியாது என்பது அப்போதுதான் தெரிந்தது.

ஆனால் கணக்கு ஒன்று இருக்கிறது. பெட்டி வாசித்தது பதினான்கு மாதம். நான் வாசித்தது ஏழு மாதம். அதற்குள் அம்மா போய்விட்டாள்.

அடக்கத்தில் எல்லோரும் என் கையைப் பிடித்து, "நித்தியத்தில் சந்திக்கலாம் சார்" என்றார்கள். அதை நான் விசுவாசிக்கிறேன். சரீர உயிர்த்தெழுதலும் நித்திய ஜீவனும் உண்டு என்று ஞாயிறுதோறும் சும்மா சொல்லவில்லை. எங்கள் சபையில் ஒரு அம்மா இருபது வயது மகனை விபத்தில் பறிகொடுத்தார். அவருக்கு அந்த நம்பிக்கைதான் சாப்பாடு. அவரிடம் போய் யாரும் தத்துவம் பேசக் கூடாது. ஆனால் என் விஷயம் வேறு. அந்தப் பதினான்கு மாத ராத்திரிகளைத் திருப்பித் தருவேன் என்று வேதத்தில் எந்த வாக்குத்தத்தமும் எனக்குத் தென்படவில்லை. மன்னிப்பு உண்டு. அதை நான் பெற்றுக்கொண்டேன். மன்னிப்பு வேறு, அந்த ராத்திரிகள் வேறு.

இங்கேதான் எனக்கு நம் ஆட்களோடு சண்டை. நித்தியத்தை ஒரு அழிரப்பர் ஆக்கிவிட்டோம். இங்கே பேசாததை அங்கே பேசிக்கொள்ளலாம், இங்கே தீர்க்காததை அங்கே தீர்த்துக்கொள்ளலாம். உலகம் அநித்தியம் என்று பாடிவிட்டு வெளியே வந்ததும் சபைத் தேர்தல் பேச்சு. டிசம்பர் 31 ராத்திரி ஆராதனையில் 90-ஆம் சங்கீதத்தை வாசிக்கக் கேட்கிறோம். நாட்களை எண்ணக் கற்றுக்கொடும் என்று மோசே மன்றாடுகிற சங்கீதம் அது. கேட்ட கையோடு, புது வருஷத்துக்கு என்ன கிடைக்கும் என்று வாக்குத்தத்த அட்டை எடுக்க வரிசையில் நிற்கிறோம். மோசே எழுபது, மிஞ்சினால் எண்பது என்று கணக்குப் போட்டிருக்கிறார். எனக்கு இப்போது 71. ஓடுவது போனஸ்.

சரித்திர வாத்தியாராக இன்னொன்றும் சொல்ல வேண்டும். விசுவாசப் பிரமாணத்தில் மனிதப் பெயர்கள் மூன்றே மூன்று: இயேசு, மரியாள், பொந்தியு பிலாத்து. பேதுரு இல்லை, பவுல் இல்லை, பிலாத்து இருக்கிறான்! ஏன்? தேதி போடுவதற்கு என்றுதான் நான் நினைக்கிறேன். அவன் யூதேயாவை ஆண்டது கி.பி. 26 முதல் 36 வரை. அவன் பெயர் பொறித்த கல் 1961-ல் செசரியாவில் கிடைத்தது. வகுப்பில் இதைச் சொல்லும்போது எனக்கே புல்லரிக்கும். லூக்காவும் திபேரியு ராயனின் 15-ஆம் வருஷம் என்று அரசாங்கக் கடிதம் மாதிரி தேதி போட்டுத்தான் மூன்றாம் அதிகாரத்தை ஆரம்பிக்கிறார். நித்தியமானவர் காலண்டருக்கு மேலேயே இருந்துவிடவில்லை. ஒரு அதிகாரியின் பதவிக்காலத்துக்குள் வந்து மாட்டிக்கொண்டார்.

வந்தவர் காலத்தை எப்படிச் செலவழித்தார் என்று பாருங்கள். ஏறக்குறைய முப்பது வயதுவரை பெரும்பாலும் நாசரேத்தில், தச்சு வேலை. ஊழியத்துக்கு வந்த பிறகு, மாற்கு 5-ல், யவீருவின் மகள் சாகக் கிடக்கிறாள் என்று கூட்டிக்கொண்டு போகிறார்கள். ஆம்புலன்ஸ் அவசரம். வழியில் பன்னிரண்டு வருஷமாக ரத்தப்போக்கால் கஷ்டப்பட்ட பெண் ஒருத்தி அவர் வஸ்திரத்தைத் தொடுகிறாள். அவர் நின்றுவிடுகிறார். யார் தொட்டது என்று கேட்டு, அவள் நடந்ததை எல்லாம் சொல்லி முடிக்கும்வரை நிற்கிறார். யவீரு எப்படித் தவித்திருப்பான்! அதற்குள் பிள்ளை செத்துவிட்டது என்று ஆள் வந்துவிட்டது. அதற்குப் பிறகும் அவர் அந்த வீட்டுக்குப் போகிறார்.

அந்தப் பகுதியை வாசிக்கும்போதெல்லாம் அம்மாவின் ஸ்பீக்கர் ஞாபகம் வருகிறது. இன்னும் அலமாரியில் இருக்கிறது. சார்ஜ் போட்டால் வாசிக்கும்.

தம்பி, இதைப் படித்தால் கூப்பிடு. ஊரில் உன் அம்மா தனியாக இருப்பதாகச் சொன்னாய். வாரா வாரம் அவர்களுக்குப் போன் போடும்போது எத்தனை நிமிஷம் பேசுகிறாய் என்று கேட்க வேண்டும். கோவிச்சுக்கக் கூடாது.