அரை கிரெய்ன் தகராறு

சுட்ட தோட்டாவின் பித்தளைக் கூட்டை எறிய மனமில்லாமல் வீட்டிலேயே மறுபடி நிரப்பிக்கொள்ளும் அமெரிக்கர்களில் எவ்வளவு பவுடர் போடலாம் என்று சொல்லும் கையேடு ஒன்றே ஒன்று வைத்திருப்பவர் நிம்மதியாகத் தூங்குகிறார். இரண்டாவதை வாங்கினால் போயிற்று.

அதே தோட்டா, அதே எடையில் புல்லட், அதே பவுடர். ஒரு புத்தகம் ‘இதைத் தாண்டாதே’ என்று போட்ட பவுடர் அளவை இன்னொன்று சாவகாசமாகத் தாண்டிப் போகிறது. வித்தியாசம் அரை கிரெய்ன்தான். ஒரு பவுண்டுக்கு 7,000 கிரெய்ன், அதில் அரை என்ன பெரிதா என்று கேட்காதீர்கள். 9 மி.மீ. கூட்டில் போடுவதே சில கிரெய்ன். சுடும்போது அதற்குள் எழும் அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 35,000 பவுண்டைத் தாண்டக்கூடாது.

காரணம் கேட்டால் வரிசையாக வரும். ஒருவர் சோதனைக்கென்றே செய்த துப்பாக்கிக் குழாயில் சுட்டார், மற்றவர் கடையில் விற்கும் துப்பாக்கியில் சுட்டார். பவுடரைப் பற்றவைக்கும் பிரைமர் வேறு. முழுச் செம்பு புல்லட் அதே எடைக்கு நீளம் கூடுதல். உள்ளே இறங்கி இடத்தை அடைக்கும். அந்தக் காலத்தில் செம்புத் துண்டு எவ்வளவு நசுங்கியது என்று பார்த்து அழுத்தத்தைக் கணித்தார்கள், இப்போது மின்னணு உணரி. .30-06 தோட்டாவுக்குப் பழைய அளவையில் 50,000, புதியதில் 60,000. இரண்டும் ஒரே வரம்புதான். ஒன்றை மற்றதாக மாற்ற நம்பகமான சூத்திரமும் கிடையாது.

எல்லாம் சரி ஐயா, அந்த விவரத்தை எண்ணுக்குப் பக்கத்திலேயே அச்சடித்தால் மை தீர்ந்துவிடுமா? சில புத்தகங்கள் ஒழுங்காகப் போடத்தான் செய்கின்றன. சிலவற்றில் வெறும் எண்.

பவுடருக்குப் பெயர் வைத்தவர்களைச் சொல்ல வேண்டும். எச்4350, ஐஎம்ஆர் 4350, அக்யூரேட் 4350 மூன்றும் வேறு வேறு பவுடர். ஒன்றின் அளவை மற்றதற்குப் போட்டால் ஆபத்து. ஆனால் எச்பி-38-உம் வின்செஸ்டர் 231-உம் ஒரே சரக்கு. அந்த ஒரே சரக்குக்குப் பழைய புத்தகங்களில் டப்பாவுக்கு ஒரு உச்ச அளவு!

உச்சத்துக்குப் பத்து சதவீதம் குறைத்துத் தொடங்கு என்பது எல்லாரும் சொல்லும் புத்தி. எச்110 என்ற பவுடருக்கு மட்டும் அப்படிக் குறைக்காதே என்கிறார்கள்: பவுடர் சரியாகப் பற்றாமல் புல்லட் குழாயிலேயே சிக்கலாம், அடுத்த குண்டு அதன்மேல் போய் மோதும். கூட்டினாலும் வினை, குறைத்தாலும் வினை.

சுடுகளத்துப் பெரியவர்களோ, கம்பெனிகள் வக்கீலுக்குப் பயந்து அளவைக் குறைத்துவிட்டன என்று அடித்துச் சொல்வார்கள். அளக்கும் கருவி திருந்தியிருக்கலாமே என்றால் காதில் விழாது.

அத்தனை புத்தகமும் ஒத்துப்போகிற பவுடர் ஒன்றைத் தேடிக் கண்டுபிடித்துக் கடைக்குப் போனால் அது இருப்பில் இல்லை. ‘இதுவும் கிட்டத்தட்ட அதே மாதிரிதான்’ என்று கடைக்காரர் வேறொரு டப்பாவை நீட்டுகிறார்.