வேர்டில் பக்கம் மாறித் தெரிகிறதா? கைவைக்கும் முன் இதைப் பாருங்கள்!

புதுச்சேரி நேரு வீதியிலோ, மிஷன் வீதியிலோ ஏதாவது ஒரு ஜெராக்ஸ் கடையில் கொஞ்ச நேரம் நின்றால் போதும். "வீட்டுல நல்லாத்தாண்ணே இருந்துச்சு, இங்க வந்து இப்படி ஆயிடுச்சே!" என்று பென் டிரைவோடு யாராவது புலம்புவது காதில் விழும். கல்லூரி புராஜெக்ட், வாடகை ஒப்பந்தம், வேலைக்கான விண்ணப்பம் என எதுவாக இருந்தாலும், கடைசி நாளில்தான் வேர்டு மக்கர் செய்யும்.

புதுச்சேரிக்குக் கூடுதலாக ஒரு சிக்கலும் உண்டு. 1962-ல் இந்தியாவோடு முறைப்படி இணைந்த பிறகும், பிரெஞ்சுக் குடியுரிமையைத் தக்கவைத்துக்கொண்ட குடும்பங்கள் இங்கே இருக்கின்றன. அதனால் தமிழ், ஆங்கிலம், பிரெஞ்சு மூன்றும் ஒரே ஃபைலில் இருப்பது இந்த ஊரில் சாதாரணம்.

பக்கம் மாறித் தெரிந்தவுடன் பலரும் செய்வது, என்டரைத் தட்டித் தட்டி எழுத்தை நகர்த்துவது. இன்னும் சிலர் ராத்திரியோடு ராத்திரியாக முழுவதையும் மறுபடி டைப் செய்கிறார்கள். இரண்டுமே பெரும்பாலும் தேவையில்லை.

முதலில் ஒரு சோதனை

கண்ட்ரோலையும் 'பி'யையும் சேர்த்து அழுத்துங்கள். பிரிண்ட் பிரிவியூ வரும். அதில் பக்கம் சரியாக இருந்தால் ஃபைலுக்கு ஒன்றும் ஆகவில்லை. திரையில் காட்டும் விதம்தான் மாறியிருக்கிறது. அங்கேயும் தப்பாக இருந்தால் பேப்பர் அளவையும் ஃபாண்ட்டையும் பார்க்க வேண்டும்.

திரையில் மட்டும் கோளாறு என்றால்...

* பக்கத்தின் மேல், கீழ் இடைவெளியும் பக்க எண்ணும் காணோமா? இரண்டு பக்கங்களுக்கு நடுவில் உள்ள கோட்டின் மேல் மவுஸை வைத்து டபுள் கிளிக் செய்யுங்கள். மறைந்திருந்தவை திரும்பிவிடும்.

* பக்கப் பிரிவே இல்லாமல் எழுத்து நீளமாக ஓடுகிறதா? வெப் லேஅவுட் அல்லது டிராஃப்ட்டுக்கு மாறியிருக்கும். வியூ மெனுவில் 'பிரிண்ட் லேஅவுட்'டைத் தேர்வு செய்யுங்கள்.

* மெனு மறைந்து, புத்தகம்போலத் தெரிகிறதா? அது ரீட் மோட். எஸ்கேப் பட்டனை அழுத்தினால் வெளியே வந்துவிடலாம்.

* பக்கங்கள் பக்கவாட்டில் புரள்கின்றனவா? வியூ மெனுவில் 'சைடு டு சைடு' என்று இருப்பதை 'வெர்டிகல்' என மாற்றுங்கள்.

* வார்த்தைகளுக்கு நடுவில் புள்ளிகள், வரி முடிவில் விநோதக் குறிகள் தெரிகின்றனவா? கண்ட்ரோல், ஷிஃப்ட், 8 மூன்றையும் சேர்த்து அழுத்தினால் மறைந்துவிடும். இந்தக் குறிகள் அச்சில் வராது.

* பிரெஞ்சு வரிகளுக்குக் கீழே ஒரே சிவப்புக் கோடா? வேர்டு அதை ஆங்கிலம் என்று நினைத்துத் திருத்தப் பார்க்கிறது. அந்த வரிகளைத் தேர்வு செய்து, ரிவியூ மெனுவில் 'லாங்குவேஜ்' வழியாகப் பிரெஞ்சு என்று சொல்லிவிடுங்கள். சிவப்புக் கோடும் அச்சில் வராது.

பேப்பர் அளவைப் பாருங்கள்

பிரிவியூவிலும் பக்கங்கள் நகர்ந்திருந்தால், லேஅவுட் மெனுவில் 'சைஸ்' என்ன என்று பாருங்கள். நம் கடைகளில் இருப்பது ஏ4 தாள்; 210 மி.மீ. அகலம், 297 மி.மீ. உயரம். சில கம்ப்யூட்டர்களில் அமெரிக்க அளவான 'லெட்டர்' இருக்கும். அதன் உயரம் 279 மி.மீ. மட்டுமே. இந்த 18 மி.மீ. வித்தியாசத்தில் பக்கத்துக்கு மூன்று வரி வரை நகரும். பொருளடக்கத்தில் உள்ள பக்க எண்கள் எல்லாம் தப்பாகிவிடும். ஏ4 என்று முதலிலேயே மாற்றிவிட்டு டைப் செய்வது நல்லது.

புதிய பக்கம் வேண்டும் என்றால் என்டரை இருபது முறை தட்டாதீர்கள். கண்ட்ரோலோடு என்டரை ஒரே ஒரு முறை அழுத்துங்கள். வேறு கம்ப்யூட்டரில் திறந்தாலும் அந்தத் தலைப்பு புதிய பக்கத்தில்தான் தொடங்கும்.

தமிழ் எழுத்து சிதைந்திருக்கிறதா?

தமிழ் இருந்த இடத்தில் ஆங்கில எழுத்துகளும் கமாவும் அரைப்புள்ளியும் குவிந்திருந்தால், அந்த ஃபாண்ட் இந்தக் கம்ப்யூட்டரில் இல்லை என்று அர்த்தம். யூனிகோடு பரவும் முன்பு ஆளுக்கொரு முறையில் தமிழ் ஃபாண்ட்டுகள் வந்தன. தமிழ்நாடு அரசு 1999-ல் டாம், டாப் முறைகளையும், 2010-ல் யூனிகோடையும் ஏற்றது. ஆனால், பாமினி போன்ற பழைய ஃபாண்ட்டுகளில் அடித்த ஃபைல்கள் இன்றும் கைமாறிக்கொண்டுதான் இருக்கின்றன.

சிதைந்த வரியைத் தேர்வு செய்து, ஃபாண்ட் பெட்டியில் என்ன பெயர் இருக்கிறது என்று பாருங்கள். பாமினி என்று இருந்தால், அந்த ஃபாண்ட்டை நிறுவினால் எழுத்து திரும்பிவிடும். அதை நிர்மலா யூஐ போன்ற யூனிகோடு ஃபாண்ட்டுக்கு மாற்றினால் சரியாகாது. உள்ளே இருக்கும் எழுத்துக் குறியீடே வேறு என்பதால், முதலில் கன்வெர்ட்டரில் போட்டு யூனிகோடாக மாற்ற வேண்டும். பெயர், தேதி, கதவு எண் எல்லாவற்றையும் அதன் பிறகு ஒரு தடவை ஒப்பிட்டுப் பாருங்கள்.

கடைக்குக் கிளம்பும் முன்...

எல்லாம் சரியாகத் தெரியும் வீட்டுக் கம்ப்யூட்டரிலேயே, 'சேவ் ஆஸ்' கொடுத்து ஒரு பி.டி.எஃப். எடுத்துக்கொள்ளுங்கள். அச்சுக்கு அதைக் கொடுங்கள். கடைசி நேரத் திருத்தம் வந்தால் உதவ, வேர்டு ஃபைலும் பென் டிரைவில் இருக்கட்டும். அதைக் கடையில் திறந்து திருத்த வேண்டிவந்தால், முழுவதையும் அச்சிடச் சொல்லும் முன் பிரிவியூவில் ஒவ்வொரு பக்கமாகப் பார்த்துவிடுங்கள்.